பக்கிரியம்மாளை உள்ளே நிற்க வைத்து வரைந்தது

போன வாரம் உங்களில் ஒருவர் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். கும்பாபிஷேகத்துக்காக நீங்கள் எல்லோரும் சேர்ந்து வரைந்த சுவர். கோடு நன்றாக இருந்தது, வண்ணம் நன்றாக இருந்தது. சாமிக்குப் பக்கத்தில் கைகூப்பி நிற்கும் முனிவரின் முகம் மட்டும் எங்கோ பார்த்த முகமாக இருந்தது. யார் இது என்று கேட்டேன். சுவருக்குப் பணம் கொடுத்த உபயதாரர் என்றீர்கள். அவர் போடச் சொன்னார், போட்டோம், நமக்கென்ன என்றீர்கள்.

அந்த 'நமக்கென்ன' எனக்கு இன்னும் செரிக்கவில்லை. கை நடுங்க ஆரம்பித்ததும் சாரத்தை விட்டு இறங்கிவிட்டவன் நான். வாய் இன்னும் இறங்கவில்லை. சுண்ணாம்பு எப்படிக் குழைப்பது, காவிக்கல்லை எப்படி அரைப்பது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒருவருடைய முகத்தைச் சுவரில் வைக்கும்போது என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் ஒரு மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நான் வேலை பார்த்த கதையைச் சொல்கிறேன்.

தாராசுரத்திலிருந்து காலையில் சைக்கிள் மிதித்தால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம், அப்படி ஒரு மடம். பேர் சொல்ல மாட்டேன். பெரிய ஆதீனங்களோடு சேர்த்துப் பேசப்படுகிற மடமும் அல்ல. ஆனால் சுற்றிலும் அதற்கு நிலம் இருந்தது. நிலம் இருந்ததால் காரியஸ்தர் ஒருவர் இருந்தார். குத்தகை, அறுவடை, மடை, ஆள், அம்பு எல்லாம் அவர் கையில். ஊருக்கு ஊர் கறுப்பு சிவப்புக் கொடி பறந்து, மந்திரிகள் மேடையில் அடுக்குமொழி பேசிக்கொண்டிருந்த காலம் அது. குத்தகைக்காரரை இஷ்டத்துக்கு வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. சட்டம் மெட்ராஸில் இருந்தது. வயலுக்குத் தண்ணீர் விடும் மடையின் சாவி காரியஸ்தர் வீட்டில் இருந்தது.

மடத்தின் தலைவரை எல்லோரும் சன்னிதானம் என்பார்கள். நல்ல படிப்பாளி. பழைய ஏடுகளைத் தேடிப் பிடித்து அச்சில் கொண்டுவருவார். நந்தவனத்தில் எந்தப் பூ எந்தப் பருவத்தில் பூக்க வேண்டும் என்று தானே நின்று பாத்தி கட்டச் சொல்வார். இளம் துறவிகளுக்கு வெண்பா எழுதப் பழக்குவார். சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் முழுக்கப் படம் வரைய வேண்டும் என்பதும் அவர் யோசனைதான். சாமி படம் இல்லை. மடத்தின் ஒரு நாள். விடியலில் குளத்தில் முங்குவது, பூப்பறிப்பது, சந்தனம் அரைப்பது, பாடம் கேட்பது, உலை வைப்பது, பந்தி பரிமாறுவது. கடைசியாக, அறுவடை முடிந்ததும் குத்தகைக்காரர்கள் புது நெல்லின் முதல் கட்டை மடத்துக்குக் கொண்டுவருவது. அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவரை நான் வரைந்ததெல்லாம் தேவர்களும் அசுரர்களும்தான். அம்மியில் சட்னி அரைக்கிற ஆளை வரையச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அந்த மரியாதையை நான் அவருக்கு இன்றைக்கும் கொடுக்கிறேன். கோபம் அதற்குப் பிறகு.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரின் வழக்கம் ஒன்று உண்டு. ஆளை எந்த இடத்தில் வரையப்போகிறோமோ அந்த இடத்தில் நிற்க வைத்துத்தான் முதல் கோடு போட வேண்டும். குளத்தில் இருப்பவரைக் குளத்தில், அடுப்படியில் இருப்பவரை அடுப்படியில். பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்று தெரியாமல் முகத்துக்குப் போனால் கரிக்கட்டையைப் பிடுங்கிக்கொள்வார். அவரிடம் வேலை பார்த்த எங்கள் யாருக்கும் வேறு மாதிரி வரைய வராது. மடத்திலும் அப்படியே செய்தேன். மடத்துத் துறவிகளான தம்பிரான்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அவர்களில் கொஞ்சம் கனத்த உடம்புக்காரர் ஒருவர் தினமும் சாரத்துக்குக் கீழே வந்து தன் தொந்தியை அண்ணாந்து பார்ப்பார். "நாம் இவ்வளவுமா இருக்கிறோம்?" என்று கேட்பார். இவ்வளவும்தான் இருக்கிறீர்கள் என்று தினமும் ஒரே பதில்தான் சொன்னேன்.

கடைசிப் படத்துக்கு வந்தபோது புது நெல் கொண்டுவருகிற வழக்கத்தை விசாரித்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவில் இருக்கிற குத்தகைக்காரர்கள் நெல்கட்டைச் சுமந்து வெளிவாசல் வரைதான் வருவார்கள். அங்கே இருக்கிற கல்லில் கட்டை இறக்கிவைத்துவிட்டு விலகி நிற்பார்கள். மடத்து ஆள் வந்து கட்டின்மேல் தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்துப்போவார். அதே கல்லில் ஒரு இலையில் விபூதியும் வாழைப்பழமும் வைப்பார். அவர் உள்ளே போன பிறகு இவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். அந்த நெல்லில் பொங்கிய பொங்கலைக் கூடத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் சாப்பிடுவார்கள். விளைவித்தவர்கள் வாசலோடு சரி. சட்டப்படி கோயிலுக்குள்ளேயே எல்லோரும் போகலாம் என்று ஆகி எத்தனையோ காலத்துக்குப் பிறகும் இதுதான் நடந்துகொண்டிருந்தது.

இருப்பதை இருந்தபடி வரைந்துவிடுவோம், பார்க்கிறவர்களுக்கு உறைக்கட்டும் என்று நினைத்தேன். அந்தத் தெருவிலிருந்து யாராவது வந்து வெளிவாசலில் நிற்க முடியுமா என்று கேட்டு அனுப்பினேன். பக்கிரியம்மாள் வந்தாள்.

முப்பத்தைந்து வயது இருக்கும். அந்தத் தைமாதம்தான் புருஷன் இறந்திருந்தான். ஆறு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டு, அவர்கள் குத்தகை. மாமனார் காலத்திலிருந்து அதே வயல். ஆம்பளை இல்லாத வீட்டுக்குக் குத்தகை கிடையாது என்று காரியஸ்தர் சொல்லிவிட்டார். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, சுற்றிலும் எல்லோரும் குறுவைக்கு நாற்று விடுகிறார்கள், அவள் வயல் மடையை மட்டும் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த வயலைத் தன் மச்சானுக்கு விடுவதாகக் காரியஸ்தர் பேசி முடித்திருந்தார். அந்தத் தெருவில் வேறு சிலருக்கும் இதே கதிதான். நாற்று விடும் நாள் தவறினால் போகம் போய்விடும், போகம் போனால் வயலும் போய்விடும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

"எதுக்குன்னு வந்தேன்னா, இங்க வந்து நின்னாவாச்சும் யாராவது கேக்க மாட்டாங்களான்னுதாண்ணே" என்றாள்.

நான் கேட்டுக்கொண்டேன். கரியால் கோடு போட்டேன். வெளிவாசல், கல், இலை, விலகி நிற்கும் பெண்.

மறுநாள் காரியஸ்தர் வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தின் குறுக்கே இரண்டு தடவை நடந்தார்.

"என்ன ஓவியரே, மந்திரி வர்றாரு. கூடத்தத் தொறந்து வச்சு, எல்லாச் சாதிக்காரங்களோடயும் சமபந்தி சாப்பிடப் போறாரு. அவரு கண்ணுல படுற மாதிரியா இதப் போட்டு வைக்கிறது?"

"நடக்குறத போட்டிருக்கேங்க."

"நடக்குறது ஆயிரம் நடக்கும். அந்தப் பொம்பளைய உள்ள கொண்டாந்துடுங்க. இதோ இந்த எடத்துல, நடுக்கூடத்துல. சன்னிதானம் தன் கையால விபூதி குடுக்குறாப்ல. அவ சிரிச்சுக்கிட்டு வாங்கிக்கிறாப்ல. அழகா இருக்கும்."

வயலைப் பறிகொடுத்தவளைச் சிரித்துக்கொண்டே விபூதி வாங்கவும் வைக்க வேண்டுமாம். தம்பிகளே, உங்களிடம் உபயதாரர் கேட்டது வெறும் ஆசை. இவர் கேட்டது பொய்சாட்சி. அதையும் என் கையால்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேறு ஒருவனை வைத்து வரைந்திருப்பார். அதனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

"வரைஞ்சிடலாங்க. ஆனா எங்க பழக்கம் உங்களுக்குத் தெரியும். நிக்கிற எடத்துல நிக்க வச்சுத்தான் வரைவோம். அவங்கள நடுக்கூடத்துக்கு வரச் சொல்லுங்க."

"படத்துல வந்தாப் போதும்ல? ஆளு எதுக்கு?"

"ஆள் வராம எனக்குப் படம் வராதுங்க."

தம்பிரான்களை எல்லாம் அப்படித்தான் வரைந்தேன் என்பதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். மந்திரி வருகிற தேதி கழுத்தைப் பிடித்தது. முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். பின்பக்கம் மாட்டுக்கொட்டகை வழியாக, பந்தி முடிந்து எல்லோரும் ஓய்வெடுக்கப் போன பிறகு, அரைமணி நேரம்.

பக்கிரியம்மாள் போன அறுவடையில் எடுத்துவைத்திருந்த ஒரு நெல்கட்டோடு வந்து நடுக்கூடத்தில் நின்றாள். தரையைப் பார்த்தாள், தூண்களைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"நான் இந்தக் கூடத்துக்குள்ள எப்பண்ணே வந்திருக்கேன்? இங்க எதுக்கு நிக்கணும்?"

நடந்ததைச் சொன்னேன். அவள் நெல்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நிக்கிறேன். ஆனா கும்புட்டு நிக்கிறாப்ல போடாதீங்க" என்றாள். "தலையில கட்ட வச்சுக்கிட்டு எப்புடிக் கும்புடுறது? ஒரு கை கட்டப் புடிச்சிருக்கும். சிரிக்கவும் சொல்லாதீங்க. நாத்தங்கால் காஞ்சு கெடக்கு."

சரி என்றேன். ஒரு கை கட்டின்மேல், இன்னொரு கை முன்னால் நீட்டியபடி. முகம் அவள் முகம்.

அப்போது சன்னிதானம் உள்ளே வந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் வர மாட்டார். படத்தில் தன் உடையின் காவி சரியான நிறத்தில் இல்லை என்று அவருக்கு நாலைந்து நாளாகக் குறை. அதைப் பார்க்க வந்திருந்தார். பக்கிரியம்மாள் கட்டை இறக்கிவைத்தாள். ஒதுங்கவில்லை.

"சாமி, எங்க வீட்டுக்காரு செத்துட்டாரு. ஆறு மாவையும் புடுங்கிக்கிட்டாங்க. நாத்து விட மடை தொறக்க மாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவர் அவளைப் பார்த்தார். இரக்கத்தோடுதான் பார்த்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"காரியஸ்தர் கவனித்துக்கொள்வார் அம்மா. நாம் அதில் எல்லாம் தலையிடுவதில்லை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "காவியில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் கூட்டுங்கள். இந்த அம்மாளின் புடவைக்குப் பச்சை வைத்தால் அந்தக் காவி எடுத்துக் காட்டும், இல்லையா?"

எடுத்துத்தான் காட்டும். அவர் கண் தப்பே சொல்லாது. ஒரு நிறத்துக்கு நாலைந்து நாள் யோசிக்கத் தெரிந்தவருக்கு ஒரு குடும்பத்தின் சோற்றுக்கு ஒரு வார்த்தை யோசிக்கத் தெரியவில்லை. கெட்டவர்கள் செய்கிற அநியாயத்தைவிட, நல்லவர்கள் தலையிடாமல் இருப்பதைப் பார்த்துத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். அன்றும் கொதித்தது. தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

பக்கிரியம்மாள் போன பிறகு இன்னொன்று நடந்தது. அவள் நின்ற இடத்தைச் சாணம் கரைத்துத் தெளித்துக் கழுவினார்கள். அவள் நெல்கட்டை மட்டும் கழுவாமல் உள்ளே எடுத்துப்போனார்கள்.

திறப்பு நாள் வந்தது. வெளிவாசலில் வாழைமரம், தோரணம், ஒலிபெருக்கி. சமபந்திக்கு உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று பார்த்தேன். காரியஸ்தரின் சொந்தக்காரர்கள், மடத்து ஆபீஸ் குமாஸ்தாக்கள், இரண்டு மிராசுதார்கள், கட்சிக்காரர்கள். அந்தத் தெரு ஜனங்கள் வெளிவாசலில் வெயிலில் நின்றார்கள். அவர்களுக்குப் பொட்டலம் கட்டித் தருவதாக ஏற்பாடு. சமபந்தி என்று எழுதிய துணி அவர்கள் தலைக்கு மேலேயே கட்டியிருந்தது.

மந்திரி வந்தார். விபூதி வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே கை காட்டினார். துண்டைப் போட்டுக்கொண்டார், சுவர்ப் படங்களைப் பார்க்கிறேன் என்றார். விளக்கிச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். குளம், நந்தவனம், சந்தனம், அடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். தொந்தித் தம்பிரானைப் பார்த்து மந்திரி சிரித்தார். கடைசிப் படத்துக்கு வந்தபோது நின்றார். பச்சைப் புடவையோடு நெல்கட்டைச் சுமந்து, சிரிக்காமல், கையை நீட்டி நின்றாள் பக்கிரியம்மாள்.

"அருமையா இருக்கே. இந்த அம்மா யாரு? கற்பனையா?"

மந்திரிக்குப் பின்னால் நின்ற காரியஸ்தர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். கும்பகோணத்தைச் சுற்றி எந்தக் கோயிலில் சாரம் கட்டினாலும் அங்கே இருக்கிற தர்மகர்த்தா அவருக்குச் சொந்தக்காரராக இருப்பார், அல்லது சிநேகிதராக இருப்பார். கற்பனை என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த நாலு வருஷத்துக்கு வேலை. எனக்கு அப்போது வீட்டில் மூன்று குழந்தைகள்.

உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். அன்றைக்கு யோசிக்க நேரம் இருக்காது. அதனால் இப்போதே யோசித்து வையுங்கள்.

"கற்பனை இல்லீங்க. பேரு பக்கிரியம்மா. மடத்துக் குத்தகைக்காரங்க. வெளிவாசல்ல நிக்கிறாங்க" என்றேன்.

மந்திரிக்குப் பின்னால் பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள். கேமராக்கள் இருந்தன. அவர் அதைத்தான் யோசித்தார் என்று எனக்குத் தெரியும். "அட, கூப்பிடுங்க அவங்கள" என்றார்.

அவள் முன்வாசல் வழியாக வந்தாள். மந்திரி தன் பக்கத்தில் இலை போடச் சொன்னார். உட்கார்ந்தாள். "எந்தத் தெரும்மா? எவ்வளவு சாகுபடி?" என்று கேட்டார்.

"ஆறு மாவுங்க. சாகுபடின்னு சொல்லிக்கிறதுக்கு ஒண்ணுமில்லீங்க. படத்துல எனக்கு விபூதி குடுக்குறாங்க. வயல்ல மடைய அடைச்சு வச்சிருக்காங்க. இன்னும் நாலஞ்சு நாளுக்குள்ள நாத்து விடாட்டிப் போச்சுங்க."

பரிமாறிக்கொண்டிருந்தவரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. மந்திரி காரியஸ்தரைத் திரும்பிப் பார்த்தார்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றார் காரியஸ்தர். "நாத்து விடச் சொல்லியாச்சுங்க. நாளைக் காலம்பர மடை தொறக்கிறோம். இவங்களுக்குச் சேதி எட்டல போலருக்கு."

"பாத்தீங்களா" என்று மந்திரி எழுந்து பேச ஆரம்பித்தார். ஏர் முனை, எழுத்து முனை, ஏழையின் கண்ணீர், எங்கள் ஆட்சி. நல்ல தமிழ். அவர் இருந்த மட்டும் சட்டம் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. சட்டம் என்று சொன்னால் அந்தத் தெருவில் மீதிப் பேருக்கும் வயலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு பெண்ணுக்குக் கருணை காட்டுவது லகுவான வேலை. மறுநாள் பத்திரிகையில் மந்திரியின் முகமும் சன்னிதானத்தின் முகமும் பெரிதாக வந்தன. பக்கிரியம்மாளின் முழங்கை ஓரத்தில் தெரிந்தது.

சொன்னபடி அவள் மடை திறந்தது. இரண்டு நாள் கழித்து நான் டப்பாக்களையும் தூரிகைகளையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்திருக்கிறாள் என்று மடத்து ஆள் சொன்னார். உள்ளே விடவில்லை. மந்திரி போன அன்றே அந்தத் தெரு ஜனங்களை வெளிவாசலோடு நிறுத்தும் வழக்கம் திரும்பிவிட்டது. நான் வெளியே போனேன். கணுக்கால் வரை சேற்றோடு நின்றாள். பின்னால் தெரு ஜனங்கள் பத்துப் பதினைந்து பேர்.

"நாத்து விட்டாச்சுண்ணே."

"சந்தோஷம்மா."

"இவுங்களுக்கெல்லாம் இன்னும் தொறக்கல. உள்ள செவுத்துல எடம் பாக்கி கெடக்குல்ல? இவுங்களையும் வரைஞ்சுட்டுப் போயிடுங்களேன்."

கேலி செய்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. அவளுக்குத் தெரிந்து வேலை செய்த ஒரே வழி அதுதான்.

கிழக்குச் சுவரில் இடம் இருந்தது. போய்க் காரியஸ்தரிடம் கேட்டேன், கூலிகூட வேண்டாம் என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அடுத்த மந்திரி வரும்போது சொல்லியனுப்புறேன் ஓவியரே" என்றார். சன்னிதானத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் ஏடு பார்த்துக்கொண்டிருக்கிறார், தொந்தரவு செய்ய முடியாது என்றார்கள். நான் சத்தம் போட்டேன். அந்தச் சத்தத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் எந்தக் கோயிலிலும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. பேராவூரணிப் பக்கம் போய்த்தான் பிழைத்தேன்.

வெளிவாசலுக்குத் திரும்பி வந்து நடந்ததை அப்படியே சொன்னேன். வரைய விட மாட்டேன் என்கிறார்கள் அம்மா என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆத்திரத்தில்.

பக்கிரியம்மாள் பின்னால் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள்.

"வுடுங்கண்ணே. நீங்க வரையவாணாம்" என்றாள். "நாங்களே வந்து நிக்கிறோம்."

அவர்கள் அந்தக் கல்லைத் தாண்டி, என்னைத் தாண்டி, காவல்காரரைத் தாண்டி நடந்தார்கள். உள்ளே மடத்து ஆட்கள் மத்தியானப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்; அந்தத் தெரு ஜனங்கள் நிற்கிற கூடத்தில் மடத்தில் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். சேற்றுக் காலோடு நடுக்கூடத்தில் போய் நின்ற அத்தனை பேரும், மடையெல்லாம் திறந்தாகிவிட்டது என்று வயலிலிருந்து ஆள் வந்து சொன்ன பிறகுதான் வெளியே வந்தார்கள்.